ஜிகர்தண்டா குடிக்க முடியாதவன் எழுதுற பல் கூச்ச ரிவ்யூ

மதுரைக்காரனா பொறந்துட்டு ஜிகர்தண்டா குடிக்க முடியலன்னா அது எப்பேர்ப்பட்ட கொடுமைன்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. போன சித்திரைத் திருவிழா சமயம், விளக்குத்தூண் பக்கம், வெயில்ல மண்டை காஞ்சு போய் நின்னு ஒரு ஸ்பெஷல் சொல்லி வாங்கி, ஐஸ்க்ரீமும் கடல்பாசியுமா ஒரு வாய் உள்ள தள்ளினேன் பாருங்க, இடது பக்கம் கீழ்ப் பல்லுல ஆரம்பிச்சு காது வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுன்னு ஏறுச்சு, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். கடைக்கார அண்ணன் பாத்துட்டு "என்ன தம்பி, ஜிகர்தண்டாவை ஆற வச்சுக் குடிக்கிற மொத ஆளு நீங்கதான்"னாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், வாயைத் திறக்காம.

ஒரே நாள்ல வந்த கூச்சம் இல்ல இது. ஒரு வருஷமாவே ஃப்ரிட்ஜ் தண்ணி பட்டா கூசும், தலையை வலது பக்கமா சாய்ச்சுக் குடிச்சு சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குன்னு ஒரு பரீட்சை வச்சுக்கிட்டேன்: முதல்ல பானைத் தண்ணி, அடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்ச மோர், அடுத்து ஃப்ரிட்ஜ் தண்ணி, கடைசியா ஜிகர்தண்டா. அப்ப நான் பானைத் தண்ணியிலயே ஃபெயில். கீழ எந்தப் பேஸ்ட் எப்படின்னு சொல்றதெல்லாம் இந்தப் பரீட்சையை வச்சுத்தான், நான் மில்லுல கணக்கு எழுதுறவன், டாக்டர் கிடையாது, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல செஞ்சது எல்லாரும் செய்றதுதான். மெடிக்கல்ல போயி "பல் கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் குடுங்கண்ணே"ன்னு கேட்டேன், அவர் கைக்கு எட்டினதை எடுத்துக் குடுத்தாரு, சாதாரண பேஸ்டை விட ரெண்டு மூணு மடங்கு விலை. நாலு நாள் தேய்ச்சேன், ஒண்ணும் தெரியல, "இது வேஸ்ட்"னு முடிவு பண்ணி இன்னொண்ணு வாங்கினேன். அதுவும் ஒரு வாரம். அப்புறம் இன்னொண்ணு. பாத்ரூம் பலகையில அஞ்சு ட்யூப் பாதிப் பாதியா நிக்கிறதைப் பாத்துட்டு எங்கம்மா "என்னடா, கடை போடப் போறியா"ன்னு கேட்டாங்க. தப்பு பேஸ்ட் மேல இல்ல, என் மேலதான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ட்யூப்ல சின்ன எழுத்துல பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம்னு போட்டிருந்துச்சுன்னா அது வேலை செய்யவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், அதுவும் தினம் ரெண்டு வேளை விடாம தேய்ச்சாத்தான். நாலு நாள்ல தூக்கிப் போட்டவனுக்கு அது என்ன பண்ணும்.

அப்புறம் ஒரு கிளினிக் போனேன். பேரெல்லாம் வேணாம், ஏசி, மீன் தொட்டி, ரிசப்ஷன்ல ரெண்டு பேருன்னு பாக்க பிரமாதமா இருந்த இடம். எக்ஸ்ரே எடுத்தாங்க, அஞ்சு நிமிஷத்துல "மூணு பல்லுக்கு ரூட் கெனால், மேல கேப் போட்டுடலாம், இன்னைக்கே ஒண்ணு ஆரம்பிக்கலாமா"ன்னு ஒரு பேப்பர்ல தொகையை எழுதி நீட்டினாங்க. என் ரெண்டு மாச சம்பளத்தைத் தாண்டுச்சு. "வீட்ல கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வந்தவன்தான். ஒரு விஷயம் மட்டும் இங்கயே சொல்லிடுறேன், ஜில்லுன்னு படும்போது சுள்ளுன்னு வந்து சில செகண்ட்ல போயிடுச்சுன்னா அது பெரும்பாலும் கூச்சம். சூடு பட்டு வலிச்சு அந்த வலி நிமிஷக்கணக்கா நிக்கிறது, ஒண்ணும் படாமயே வலிக்கிறது, ராத்திரி தூக்கத்துல எழுப்புறது, இதெல்லாம் இருந்தா உள்ள நரம்பு கெட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்ப பேஸ்ட் தேடிக்கிட்டு இருக்காம உடனே போயிடணும். எனக்கு முதல் வகை மட்டும்தான் இருந்துச்சு.

ரெண்டாவதா போனது எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, மாடியில, ஒரே ஒரு நாற்காலி போட்ட கிளினிக். வயசான மேடம். அவங்க செஞ்ச முதல் காரியம் என் வாயைப் பாக்காம என்கிட்ட பேசினதுதான்.

"காலைல எந்திரிச்சதும் என்ன குடிப்பீங்க?"

"வெந்நீர்ல எலுமிச்சம்பழமும் தேனும், மேடம். மூணு வருஷமா." கொஞ்சம் பெருமையாவே சொன்னேன், தொப்பை குறைய ஆரம்பிச்ச பழக்கம் அது (தொப்பை குறையல, அது வேற கதை).

"ஒரே மடக்கா குடிப்பீங்களா?"

"இல்ல மேடம், பேப்பர் படிச்சுக்கிட்டே மெதுவா."

"பிரஷ் எப்ப?"

"குடிச்சு முடிச்ச உடனே."

அவங்க கையில இருந்த கண்ணாடியைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க. "நீங்க தினமும் பல்லை ஊற வச்சு சொரண்டுறீங்க சார்"னாங்க. எட்டு மாசத்துல எனக்குக் கிடைச்ச மொத்த வைத்தியத்துலயும் அந்த ஒரு வரிக்குத்தான் நான் முழு மார்க் போடுவேன்.

அப்புறம் அவங்க என் போனையே வாங்கி உள்ள ஒரு போட்டோ எடுத்துக் காட்டினாங்க. கடைவாய்ப் பல்லு மேல, மேடு மாதிரி கூரா இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் சின்னச் சின்னக் குழி, கடுகு சைசுல, குழிக்குள்ள மஞ்சளா தெரியுது. அந்த மஞ்சள்தான் டென்டினாம். மேல இருக்கிற வெள்ளை எனாமல் ஆசிட்ல கரைஞ்சு போனதால உள்ள இருக்கிறது வெளிய எட்டிப் பாக்குது. அழுக்குன்னு நெனச்சு நான் அதை இன்னும் அழுத்தித் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க. இது போக இடது பக்கம் ஈறு ஓரத்துல, பல்லு ஈறைத் தொடுற இடத்துல, நகத்தை வச்சா சிக்குற மாதிரி ஒரு வெட்டு, அது பிரஷ் வேலை.

கதை இதுதான். புளிப்பை அளக்கிற அளவுக்குப் பேரு பிஹெச், நம்பர் குறையக் குறைய புளிப்பு கூடும். எனாமல் கரைய ஆரம்பிக்கிறது பிஹெச் 5.5 வாக்குல. டென்டின் அதை விட மென்மை, 6.5 பக்கம் வந்தாலே அதுக்கு ஆபத்து. ஒரு நம்பர்தானே வித்தியாசம்னு நெனைக்காதீங்க, பிஹெச்ல ஒண்ணுன்னா பத்து மடங்கு, அதாவது எனாமலைத் தொடாத ரொம்ப லேசான புளிப்பு கூட வெளிய வந்துட்ட டென்டினைக் கரைச்சுடும். எலுமிச்சைச் சாறு 2, 2.5 தான். கோலா வகையறாவும் கிட்டத்தட்ட 2.5. டென்டினுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குழாய்ங்க, ஒரு சதுர மில்லிமீட்டர்ல பல்லாயிரம், எல்லாத்துலயும் தண்ணி மாதிரி ஒரு திரவம். ஜில்லுன்னு ஏதாச்சும் பட்டா அந்தத் திரவம் அசையும், அந்த அசைவு உள்ள இருக்கிற நரம்பை இழுத்துவிடும், அதான் அந்தச் சுள்ளு. ஸ்வீடன்ல பிரான்ஸ்ட்ரோம்னு ஒருத்தர் 1960கள்ல சோதனை பண்ணி நிறுவினது, இன்னைக்கும் எல்லாரும் ஒத்துக்கிறது இதைத்தான். இதைப் புரிஞ்சுக்கிட்டா கூச்சத்துக்கு உள்ள பேஸ்ட் எல்லாம் ரெண்டே சாதிதான்னு தெரியும். ஒண்ணு நரம்பைத் தூங்க வைக்கும், இன்னொண்ணு ஓட்டையை அடைக்கும்.

தூங்க வைக்கிற சாதி பொட்டாசியம் நைட்ரேட். நம்ம ஊர் மெடிக்கல்ல கிடைக்கிற சென்குவெல் எஃப் மாதிரி நிறைய பேஸ்ட்ல இருக்கிறது இதுதான். இந்தத் தடவை ஒழுங்கா நாலு வாரம் தேய்ச்சேன். ரெண்டாவது வாரக் கடைசியில பானைத் தண்ணி பாஸ், நாலாவது வாரத்துல மோர் பாஸ். விலைக்கு நல்ல பலன்னுதான் சொல்லுவேன். ஆனா ஊருக்குப் போனப்ப ட்யூப்பை மறந்துட்டுப் போயி பத்து நாள் மச்சான் வீட்டுப் பேஸ்ட்ல தேய்ச்சேன், கூச்சம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துருச்சு. ஓட்டை அப்படியேதான இருக்கு, காவலுக்கு நின்ன ஆளுதான் லீவுல போயிட்டான்.

அடைக்கிற சாதியில நான் பாத்தது ரெண்டு. ஒண்ணு ஆர்ஜினைன் 8 சதவீதம், கோல்கேட்ல சென்சிட்டிவ் பிளஸ்னு இங்க வந்தது அந்த வகை. ஆர்ஜினைனும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து குழாய் வாயில போய் அடைச்சு உக்காந்துக்கும். இதுல பிரஷ்ஷை விட விரல் முக்கியம், கொஞ்சமா எடுத்து கூசுற இடத்துல ஒரு நிமிஷம் விரலால தேய்க்கணும், பெட்டியிலயே போட்டிருப்பான், யாரும் படிக்கிறதில்ல. நான் அப்படித் தேய்ச்சுட்டு உடனே பானைத் தண்ணி குடிச்சுப் பாத்தேன், நிஜமாவே குறைஞ்சிருந்துச்சு, நம்ப முடியாம இன்னொரு டம்ளர் குடிச்சேன். கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, ஐஸ்க்ரீம் இருக்குன்னு தெரிஞ்சா, இது நல்ல ஆயுதம்.

இன்னொண்ணு நோவாமின். கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட்னு வாயில நுழையாத பேரு போட்டிருக்கும். இது ஒரு வகைக் கண்ணாடிப் பொடி, அமெரிக்காவுல லாரி ஹென்ச்னு ஒருத்தர் 1969ல கண்டுபிடிச்ச பயோகிளாஸ்தான் மூலம். போர்ல அடிபட்ட சிப்பாய்ங்களோட எலும்புக்கு ஏதாச்சும் பண்ண முடியுமான்னு ஆரம்பிச்சது, கடைசியில நம்ம ஜிகர்தண்டா பிரச்சினைக்கு வந்து நிக்குது. எச்சில்ல பட்டதும் கால்சியமும் பாஸ்பேட்டும் விட்டு, பல்லு எதால ஆனதோ கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு படலத்தை ஓட்டை மேல போடும். நம்ம ஊர்ல வான்டெஜ், ஷை என்எம் ரெண்டும் இந்த வகை. நான் மேடம் எழுதிக் குடுத்து வான்டெஜ் ரெண்டு ட்யூப் முடிச்சேன், ஆறாவது வாரத்துல ஃப்ரிட்ஜ் தண்ணி பாஸ். நுரை கம்மியா வரும், முதல் வாரம் பல்லே தேய்க்காத மாதிரி ஒரு ஃபீலிங், வீட்டுக்காரி ஒரு தடவை தேய்ச்சுட்டு "என்னங்க இது, களிம்பு மாதிரி இருக்கு"ன்னு தள்ளி வச்சுட்டா. ராத்திரி தேய்ச்சுட்டு வாயைக் கொப்பளிக்காம துப்பிட்டு மட்டும் படுக்கச் சொன்னாங்க, அதுதான் பழகக் கஷ்டமா இருந்துச்சு, நமக்கெல்லாம் பத்து தடவை கொப்பளிச்சு காறித் துப்பினாத்தான் பல் தேய்ச்ச திருப்தி.

இங்க ஒரு எச்சரிக்கை. பிராண்ட் பேரை நம்பி வாங்காதீங்க, ட்யூப் பின்னாடி இருக்கிற சரக்கைப் பாத்து வாங்குங்க. சென்சோடைன் 1961ல வந்தப்ப அதுல இருந்தது ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு, அப்புறம் அந்தப் பேருல எத்தனையோ ஃபார்முலா வந்துருச்சு. ரிப்பேர் அண்ட் ப்ரொடெக்ட்னு அதே பேருல விக்கிறது அமெரிக்காவுல ஸ்டானஸ் ஃப்ளோரைடு, வேற சில நாடுகள்ல நோவாமின், அதனாலயே அமெரிக்காக்காரங்க கனடாவுல இருந்து வரவழைச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. ஸ்டானஸ் ஃப்ளோரைடும் நல்லதுதான், ஆசிட்டைத் தாங்க அது கொஞ்சம் கூடவே உதவும், சிலருக்குப் பல்லுல கறை பிடிக்கும். விளம்பரத்தைப் பத்திச் சொல்லணும்னா, 'உலகம் முழுக்க டென்டிஸ்ட்டுங்க சிபாரிசு', 'உலகத்துல நம்பர் 1'னு எல்லாம் போட்டதுக்கு 2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சென்சோடைனுக்கு 10 லட்சம் அபராதம் போட்டுச்சு. பேஸ்டைப் பத்தின தீர்ப்பு இல்ல அது, விளம்பரத்தைப் பத்தினது. ஆனாலும் வெள்ளைக் கோட்டு போட்டு டிவியில யார் பேசினாலும் நான் இப்ப சத்தத்தைக் குறைச்சுடுறேன். அப்புறம் ட்யூப் அடியில பச்சைக் கோடு இருந்தா இயற்கை, கருப்புக் கோடு இருந்தா கெமிக்கல்னு எங்க பெரியப்பா மாசம் ஒரு தடவை வாட்ஸ்அப்ல அனுப்புவாரு. அது மெஷின் ட்யூப்பை எந்த இடத்துல வெட்டணும்னு காட்டுற அடையாளம், வேற ஒண்ணும் இல்ல. அவருக்கும் சொல்லியாச்சு, திரும்பவும் அனுப்புறாரு.

கிளினிக்ல செஞ்சது ரெண்டே வேலை. முதல் தடவை பல்லைக் காய வச்சு வார்னிஷ் மாதிரி ஒண்ணு பூசினாங்க, பேரே ஃப்ளோரைடு வார்னிஷ்தான், 22,600 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல 22,600 பங்கு ஃப்ளோரைடு. நம்ம நாட்டுல பேஸ்ட்ல ஃப்ளோரைடு 1,000 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பாத்துக்குங்க. பூசினதுக்கு அப்புறம் அன்னைக்கு முழுக்கப் பல்லு பிசுபிசுன்னு ஒட்டுது, கடிச்சுச் சாப்பிடக் கூடாது, ரசஞ்சோறோட முடிச்சேன். ரெண்டாவது, ஈறு ஓரத்து வெட்டுல பல்லு கலர்லயே ஃபில்லிங் வச்சாங்க, மரத்துப் போற ஊசி கூடப் போடல, இருபது நிமிஷம். அந்த ஒரு பல்லுதான் காது வரைக்கும் கரண்ட் அடிச்ச பல்லு, ஃபில்லிங் வச்ச அன்னைக்கே ஓஞ்சுது. ரெண்டுக்கும் சேர்த்து ஆன செலவு மீன் தொட்டி கிளினிக் எழுதின தொகையில பத்துல ஒரு பங்கு கூட இல்ல. குறை சொல்லணும்னா, அப்பாயின்மென்ட் ஆறரைன்னா எட்டு மணிக்குத்தான் கூப்பிடுவாங்க, உக்கார நாலு நாற்காலிதான், ஃபேன் வேற டடக் டடக்னு.

பிரஷ்ஷையும் மாத்தச் சொன்னாங்க. நான் ஹார்டு பிரஷ் ஆளு, மூணு வாரத்துல பிரஷ்ஷோட முடியெல்லாம் நாலா பக்கமும் படுத்துரும், அதையும் பெருமையா நெனச்சவன். சாஃப்ட் பிரஷ்ஷை பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னாங்க, முஷ்டியால பிடிச்சா அழுத்தம் தன்னால கூடிரும். கரித்தூள் பேஸ்ட், பல்பொடி, உப்பும் கரியும் இதெல்லாம் எனாமல் தேஞ்சவனுக்கு ஆகாது, சொரசொரப்புல டென்டின் இன்னும் தேயும். தாத்தா செங்கல் பொடியில தேய்ச்சு எண்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சாருன்னு எங்கம்மா சண்டைக்கு வந்தாங்க. தாத்தா தினம் காலைல எலுமிச்சை ஜூஸ் குடிச்சாராம்மான்னு கேட்டேன், பதில் இல்ல. கிராம்பு எண்ணெய் வலிக்குக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், அவ்வளவுதான், நான் பஞ்சுல நனைச்சு வச்சு ஈறு வெந்து போனதுதான் மிச்சம்.

எல்லாரும் கேக்குற கேள்வி, அப்ப ரசம், புளிக்குழம்பு எல்லாத்தையும் விட்டுடணுமான்னு. நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன், அதை விடச் சொல்லியிருந்தா அந்த மேடத்தையும் விட்டிருப்பேன். சோத்தோட பிசைஞ்சு சாப்பிடும்போது எச்சில் நல்லா ஊறுது, அது ஆசிட்டைத் தணிச்சுடும், சாப்பாட்டு நேரத்தோட முடிஞ்சும் போயிடுது. மோரும் தயிரும் புளிப்பா இருந்தாலும் அதுலயே கால்சியம் நிறைய இருக்கிறதால பல்லை அவ்வளவா கரைக்காது. பிரச்சினை மணிக்கணக்கா உறிஞ்சுறதுதான். எலுமிச்சைத் தண்ணி, சோடா, ஜிம்முக்குப் போற பசங்க பாட்டில்ல வச்சு மடக்கு மடக்கா குடிக்கிற ஸ்போர்ட்ஸ் டிரிங்க், ஆப்பிள் சிடர் வினிகர், ஒவ்வொரு மடக்குக்கும் எச்சில் மறுபடி முதல்ல இருந்து வேலையை ஆரம்பிக்கணும். புளிப்பு குடிச்சா வெறும் தண்ணியால வாயைக் கழுவிட்டு அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பிரஷ், ஏன்னா ஆசிட் பட்ட பல்லு அந்த நேரத்துல மேல கொஞ்சம் இளகிப் போயிருக்கும். ராத்திரி லேட்டா சாப்பிட்டு உடனே படுத்து நெஞ்செரிச்சல் வருதான்னும் துருவித் துருவிக் கேட்டாங்க. வயித்து ஆசிட் எலுமிச்சையை விட மோசம், தூக்கத்துல எச்சில் கம்மி, மேல் முன்பல்லோட உள்பக்கம் தேஞ்சிருந்தா அதைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்களாம். அப்படி இருந்தா பல் டாக்டரோட நிறுத்தாம வயித்துக்கும் பாக்கணும்.

கரைஞ்ச எனாமல் திரும்ப முளைக்காது, அந்தக் கடுகுக் குழி அப்படியேதான் இருக்கு, எந்த ட்யூப்ல 'மீண்டும் வளரும்'னு எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. மேல படலம் போடும், கொஞ்சம் கெட்டியாக்கும், அந்த அளவுதான்.

மார்கழியில, ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டீ குடிக்கிற நேரத்துல, நான் மட்டும் விளக்குத்தூண் பக்கம் போயி ஒரு ஸ்பெஷல் சொன்னேன். வலது பக்கம் ஒரு வாய், அப்புறம் தைரியமா இடது பக்கம் ஒரு வாய். லேசா ஒரு குறுகுறுப்பு, அப்புறம் பால், நன்னாரி, ஐஸ்க்ரீம், அந்த வரிசையில ருசி வந்துச்சு. கடைக்கார அண்ணனுக்கு என்னை ஞாபகம் இல்ல.

பேஸ்ட்டுக்கு அஞ்சுக்கு மூணரை, அந்த மாடி கிளினிக்குக்கு நாலரை, அரை மார்க்கை ஃபேனுக்காகப் பிடிச்சுக்கிட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நான் தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறேன்னு வீட்டுக்காரி மேடம்கிட்டயே போட்டுக் குடுத்துட்டா, அதுக்கு நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற உறை, செய்யணும், வாயை அளவெடுக்க வாங்கன்னு ரெண்டு தடவை போன் வந்துருச்சு. தை பொறக்கட்டும்னு தள்ளிப் போட்டு வச்சிருக்கேன், மாட்டிக்கிட்டுத் தூங்கிப் பாத்துட்டு அதையும் எழுதுறேன்.